தேரியில் செவ்வாய்க் கிரகம்: கன்டினியூட்டி பிசகாமல் எடுக்க

திசையன்விளையிலிருந்து சாத்தான்குளம் பக்கம் விரிந்து கிடக்கும் தேரிக்காடு, குறும்படம் எடுக்கிறவர்களுக்கு ஓசியில் கிடைத்த செவ்வாய்க் கிரகம். இந்த மணல் சிவந்ததற்கும் செவ்வாய் சிவந்ததற்கும் காரணம் ஒன்றுதான், இரும்பு ஆக்சைடு. நிறம் அமைந்துவிட்டது, மிச்சமும் தானே அமையும் என்று நம்பி இறங்குகிறவர்கள்தான் கன்டினியூட்டி, அதாவது ஒரு ஷாட் அடுத்த ஷாட்டோடு முரணில்லாமல் ஒட்டுவது, பிசகி எடிட்டிங் டேபிளில் மாட்டிக்கொள்கிறார்கள்.

அறிவியல் படத்தில் தவறு இரண்டு வகை. அறிவியலுக்கு முரணானது ஒன்று. படம் தானே சொன்னதற்கு முரணானது இன்னொன்று. முதலாவதை ஆட்கள் பொறுத்துக்கொள்வார்கள். 2015இல் வந்த ‘தி மார்ஷியன்’ படத்தின் தொடக்கத்தில் வரும் புயல் செவ்வாயில் அப்படி வீச வழியே இல்லை. அங்கே காற்றழுத்தம் பூமியில் நூற்றில் ஒரு பங்குகூடக் கிடையாது. கதைக்கு வேண்டும் என்று தெரிந்தேதான் வைத்தார்கள், படமும் நின்றது. ஆனால் ஆக்சிஜன் 40 நிமிடத்துக்குத்தான் என்று சொல்லிவிட்டு, அடுத்த சீனில் கைக்கடிகாரம் 55 காட்டினால் படம் பார்க்கிறவன் அங்கேயே போய்விடுவான்.

அதனால் ஷூட்டிங்குக்கு முன்பே ஒரே தாளில் உங்கள் கிரகத்தின் சட்டத்தை எழுதுங்கள். ஈர்ப்பு பூமியில் 0.38 பங்கு. ஒரு நாள் 24 மணி 39 நிமிடம் 35 விநாடி. பூமிக்குச் சிக்னல் போய்ச்சேர, கோள்கள் இருக்கும் இடத்தைப் பொறுத்து, 3 முதல் 22 நிமிடம். இதில் 12 என்று எடுத்துக்கொண்டால் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே 24 நிமிடம் ஓட வேண்டும், “ஹலோ, கேட்குதா?” என்ற சீனெல்லாம் போச்சு. மகேந்திரகிரியில் ராக்கெட் இன்ஜின் சோதிக்கிற சீமை இது, கவனிக்க ஆள் இருக்கிறது. கடிகாரம், ஆக்சிஜன், பேட்டரி என்று திரையில் தெரியும் எண் ஒவ்வொன்றையும் சீன் வாரியாக ஸ்கிரிப்ட் ஓரத்திலேயே குறித்துவிடுங்கள்.

குறைந்த ஈர்ப்பைக் காட்டச் சுலப வழி ஃபிரேம் எண்ணிக்கை. 0.38 ஈர்ப்பில் ஒரு பொருள் விழ ஏறக்குறைய 1.6 மடங்கு நேரம் ஆகும். ஆகவே விநாடிக்கு 40 ஃபிரேமில் எடுத்து 24இல் ஓட்டுங்கள். நிலவு என்றால் 60. குதிக்கும் ஷாட்டை மட்டும் 40இல் எடுத்து, நடக்கும் ஷாட்டை 24இல் எடுப்பதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. ஒரே ஆள் ஷாட்டுக்கு ஷாட் கனம் மாறுவான். வெளியே எடுக்கும் எல்லாமே 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். விண்கலத்துக்குள்ளும் அதே ஈர்ப்புதான், ஆனால் அங்கே வசனம் இருக்கும், 40இல் எடுத்தால் வாயசைவு இழுக்கும். அங்கே 24இல் எடுத்துக்கொண்டு, எதையும் விழவோ கொட்டவோ விடாமல் பார்த்துக்கொள்வதே வழி. மெயின்ஸ் கரண்டில் எரியும் லைட்டுக்குக் கீழே 40 ஃபிரேம் எடுக்க நேர்ந்தால் ஷட்டரை 1/100 விநாடியில் வையுங்கள். நம் ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், லைட் விநாடிக்கு 100 முறை துடிக்கும். அதோடு ஒத்துப்போகாத ஷட்டரில் படத்தில் வெளிச்சம் மினுமினுக்கும்.

இனி தடம். தேரியில் மிதித்தால் மிதித்ததுதான். பனை மட்டையை இழுத்துத் தடத்தை அழிக்கலாம், ஆனால் காற்று போட்டிருந்த அலைவரியும் சேர்ந்து போய்விடும். முற்றம் பெருக்கிய மாதிரி ஒரு பட்டை தனியாகத் தெரியும். ஆகவே அழிக்க நேராமல் எடுப்பதே உத்தி. முதல் நாளே முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்டி, கேமராவுக்குப் பின்பக்கம் ஒரே நடைபாதை விடுங்கள். டீ கொண்டுவருகிறவருக்கும் அதுதான் பாதை. மணல் கன்னியாக இருக்கும்போதே வைட் ஷாட்டுகளை முடியுங்கள், அப்புறம் மிட், கடைசியில் குளோஸ். ரீடேக் என்றால் பழைய இடத்துக்குத் திரும்பாதீர்கள்; கேமராவோடு பத்தடி தள்ளிப் புது மணலுக்குப் போங்கள். நடிகருக்கும் டூப்புக்கும் ஒரே அச்சு பூட்ஸ் வேண்டும். ஆட்டுக் குளம்பும் மயில் காலும் பதிந்திருக்கும், விடியுமுன் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். பின்னணியில் உடை மரம், பனந்தலை, ராதாபுரம் பக்கமென்றால் காற்றாலை. நிற்கிற பனையை அழிப்பது லேசு. சுழல்கிற இறக்கையை அழிப்பது ஃபிரேம் ஃபிரேமாக வேலை.

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், மணல் எம்மாத்திரம்? ஜூன் முதல் செப்டம்பர் வரை காலையில் பதிந்த தடம் மதியத்துக்குள் தூர்ந்துவிடும். ஒரு சீனை ஒரே மூச்சில் முடிக்க முடியாதென்றால் அந்த மாதங்களைத் தவிருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை நனைத்த மணல் கருஞ்சிவப்பாகிவிடும், காய்ந்த ஷாட்டோடு ஒட்டாது.

நிழல்தான் அதிகம் காட்டிக்கொடுக்கிறது. சூரியன் 30 டிகிரி உயரத்தில் நிற்கும்போது ஆறடி ஆளுக்குப் பத்தடி நிழல். 45 டிகிரியில் ஆறடி. இந்த அட்சரேகையில் அந்த ஏற்றத்துக்குச் சுமார் ஒரு மணி நேரமே ஆகும். ஒரு சீனின் ஷாட்டுகளை முக்கால் மணிக்குள் அடக்குங்கள், அல்லது மறுநாள் அதே நேரத்தில் தொடருங்கள். விட்டுப்போன ஷாட்டுகளைப் பிறகு வந்து எடுக்கும் பேட்ச் ஒர்க்காரர்கள் கவனிக்க: நெல்லைச் சீமையில் ஏப்ரல் இரண்டாம் வாரமும் ஆகஸ்ட் கடைசியிலும் உச்சி வேளையில் சூரியன் நேர் தலைக்கு மேலே வரும். இடைப்பட்ட மாதங்களில் உச்சி நிழல் தெற்கே விழும், மற்ற மாதங்களில் வடக்கே. ஜனவரியில் நடுப்பகலில் வடக்கே மூன்றடிக்கு மேல் விழுந்த நிழல், ஜூனில் தெற்கே ஒன்றரை அடியாக நிற்கும். எந்த கலர் கரெக்‌ஷனும் அதைத் திருப்பாது.

ஹெல்மெட் கண்ணாடி முன்னால் இருப்பதையெல்லாம் விழுங்கும். யூனிட் முழுக்கக் கருப்புத் துணிக்குப் பின்னால் நின்றாலும் வானம் விழும். பின்னணி வானத்தைச் செம்மஞ்சளாக மாற்றிய பிறகும் கண்ணாடிக்குள் நீலம் நிற்கும். கண்ணாடியைக் கழற்றி எடுத்து, பிறகு கம்ப்யூட்டரில் போடுவது நல்லது. அப்போது நடிகர் காற்றுக்குக் கண்ணை இடுக்கக் கூடாது, முடி பறக்கக் கூடாது, வியர்வையைக் கையால் துடைக்கவே கூடாது.

உடையில் படியும் தூசிக்கு 0 முதல் 4 வரை எண் வையுங்கள், ஒவ்வொரு எண்ணுக்கும் முன், பின், இரு பக்கம் என்று நாலு போட்டோ. தேரி மண்ணை மெல்லிய துணியில் சலித்து டப்பாவில் வைத்துக்கொண்டால் வேண்டிய அளவு பூசலாம். பூசுவது எளிது, முழுசாக உதறுவது நடக்காது. ஆகவே எண் ஏறுகிற வரிசையிலேயே எடுங்கள், அல்லது இரண்டு உடை தையுங்கள்.

ரிப்போர்ட் ஷீட்டில் சீன், ஷாட், டேக்கோடு கடிகார நேரம், ஃபிரேம், லென்ஸ், தூசி எண், திரை எண், எந்தக் கையில் என்ன, கண்ணாடி உண்டா இல்லையா என்பதும் இருக்கட்டும். ஷாட்டின் தொடக்கத்தில் மட்டுமல்ல, முடிவிலும் போட்டோ எடுங்கள். அடுத்த ஷாட் ஒட்ட வேண்டியது முடிவோடுதான். ஸ்பாட்டில் பதிவாகும் சத்தத்தை வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொண்டு டப்பிங் செய்யுங்கள். பக்கத்து ஊரில் கோயில் கொடை விழா என்றால் ஸ்பீக்கரை நிறுத்தச் சொல்ல முடியாது, மயிலிடம் இது செவ்வாய்க் கிரகம் என்று விளக்கவும் முடியாது.

எடிட்டிங்கில் திசை சரியாக வரவில்லை என்று ஷாட்டை இடவலமாகத் திருப்பினால் உடையிலுள்ள எழுத்து, மார்பு விளக்கு, நிழல் மூன்றும் திரும்பும். அதற்காகவே சில ஷாட்டுகளைப் பெயரும் கொடியும் இல்லாத பக்கத்திலிருந்து எடுத்து வைக்க வேண்டும். மீட்க முடியாத தவறு மாட்டினால், கைக்கடிகாரம், தூரத்து மணல்மேடு என்று ஒரு இன்சர்ட்டை, அதாவது தனியாக எடுத்த சின்ன ஷாட்டை, நடுவில் செருகுங்கள். அதுவும் இல்லையென்றால் ‘ஸ்டார் வார்ஸ்’ காரர்கள் வழி இருக்கிறது: 1977 படத்தில் ஒரு வெள்ளைக் கவசச் சிப்பாய் கதவு நிலையில் தலையை முட்டிக்கொள்வது அப்படியே தங்கிவிட்டது. 2004 டிவிடியில் அதை வெட்டவில்லை, முட்டுகிற சத்தத்தைச் சேர்த்துவிட்டார்கள்.