கல்கியை மட்டும் சேர்க்கிறவர்களுக்கு

திருவல்லிக்கேணியில் பழைய புத்தகம் விற்கிறேன். எதையும் விற்பேன், எழுத்தாளர் கல்கியின் கதைகளைத் தவிர. வீட்டம்மா இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறாள், அது இங்கே வேண்டாம்.

நீங்களும் இந்த வேலையில் இறங்கினால், புதுப் பதிப்புகளை விட்டுவிடுங்கள். 1999-இல் நாட்டுடைமை ஆனபிறகு ஆளுக்கொரு பதிப்பு போட்டுவிட்டார்கள். தேட வேண்டியது, வீடுகளில் வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த தொடர்கதைகள். ‘பொன்னியின் செல்வன்’ ‘கல்கி’ வார இதழில் 1950 முதல் 1954 வரை வந்தது, ஓவியர் மணியம் வரைந்த படங்களோடு. ‘தியாகபூமி’ விகடனில், அதே கதையின் சினிமாவிலிருந்து எடுத்த படங்களோடு வந்தது.

பைண்டு செய்த கட்டைக் கையில் வாங்கியதும் முதல் பக்கத்தைப் பார்க்காதீர்கள், அது எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். அத்தியாய எண்களை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். ஒருமுறை எண்ணாமல் வாங்கி வந்தேன். நடுவில் மூன்று வாரம் இல்லை. பிறகு ஓரத்தைப் பாருங்கள். பைண்டர் கத்தி ஆழமாகப் போயிருந்தால் வந்தியத்தேவன் குதிரைக்கு வால் இருக்காது.

துருப்பிடித்த பின்னை நகத்தால் நிமிர்த்தி எடுங்கள், இழுக்காதீர்கள். கிழிசலுக்கு செல்லோ டேப் கூடவே கூடாது, சில வருடத்தில் பழுப்புக் கோடாகிவிடும். மெல்லிய தாளும் மைதாப் பசையும் போதும். பசையில் துளி மயில்துத்தம் (காப்பர் சல்பேட், விஷம்) சேர்த்தால் பூச்சி வராது. சேர்த்த கையைக் கழுவிவிட்டு டீ குடியுங்கள்.

அப்புறம் விலை. ஆசையை முகத்தில் காட்டாமல், பக்கத்திலிருக்கும் சமையல் புத்தகத்தை முதலில் கேளுங்கள். என்னிடம் அப்படி வாங்கிய சமையல் புத்தகமே பதினேழு இருக்கிறது.