வெள்ளை ஒயினை ருசி பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகள் பல ஹோட்டல்களாகிவிட்டன. விருந்தினர் மேஜையில் வெள்ளை ஒயின் வந்தால், "நல்லாயிருக்கு, கொஞ்சம் புளிக்குது" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. நாக்கின் மேல் குற்றமில்லை. பரிமாறும் விதத்தில்தான் கோளாறு.

முதலில் குளிர். பிரிட்ஜிலிருந்து 4 டிகிரியில் எடுத்து அப்படியே ஊற்றினால் மணம் எழாது, புளிப்பு மட்டும் தூக்கலாகத் தெரியும். சாவிஞான் பிளாங்க் என்ற திராட்சையின் ஒயினுக்கு 8 முதல் 10 டிகிரி, ஓக் மரப் பீப்பாயில் ஊறிய ஷார்டனே திராட்சை ஒயினுக்கு 11 முதல் 13. வெளிநாட்டுக் குறிப்புகள் கால் மணி நேரம் வெளியே வைக்கச் சொல்லும்; சித்திரை வெயிலில் நம்மூரில் அவ்வளவு நேரம் தாங்காது. ஆகவே 50 மில்லி மட்டும் ஊற்றிவிட்டு, பாட்டிலை ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் வையுங்கள். கிளாஸைத் தண்டில் பிடியுங்கள். கிளாஸுக்குள் ஐஸ் போடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அடுத்தது காரம். மிளகுக் கோழி வறுவலை ஒரு வாய் போட்டுவிட்டு ஒயினை எடை போடக் கூடாது. மிளகாயின் கேப்சைசினும் மிளகின் பிப்பரினும் தூண்டும் அதே நரம்பு உணரியை ஆல்கஹாலும் தூண்டுவதால் எரிச்சல் கூடும், பழ மணம் அமுங்கிப்போகும். ருசி பார்ப்பது சாப்பாட்டுக்கு முன். சாப்பாட்டோடு என்றால் லேசான இனிப்புள்ள ரீஸ்லிங் திராட்சை ஒயினோ நாசிக்கின் செனின் பிளாங்க் திராட்சை ஒயினோ எடுங்கள். 14 சதவீத ஆல்கஹாலுள்ள ஷார்டனே வேண்டாம். மேஜையில் மல்லிகைச் சரமும் கூடத்தில் சாம்பிராணியும் இருந்தால் மூக்கு வேறெதையும் பிடிக்காது.

பழ மணத்தை இனிப்பு என்று எண்ணுவது எல்லாரும் செய்வது. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மிடறு குடியுங்கள். சர்க்கரை இருந்தால் அப்போதும் இனிக்கும். வெறும் மணமென்றால் இனிப்பு காணாமல் போகும்.

வர்ணிக்கும்போது புத்தக வார்த்தைகளை ஒப்பிக்க வேண்டியதில்லை. சாவிஞான் பிளாங்கில் நறுக்கிய குடமிளகாய் வாசம் வருவது பைரசின்கள் என்ற மணச் சேர்மங்களால். கொய்யா வாசம் வந்தால் கொய்யா என்றே சொல்லலாம். கெவூர்ஸ்ட்ராமினர் திராட்சை ஒயினில் பன்னீர் ரோஜா, சில ஷார்டனேக்களில் வெண்ணெய். வெண்ணெய்க்குக் காரணம் டைஅசிட்டைல் என்ற சேர்மம்.

வயதான ரீஸ்லிங்கில் மண்ணெண்ணெய் வாடை அடித்தால் கெட்டுப்போனதாக நினைத்துக் கொட்டிவிடாதீர்கள், அது அந்தத் திராட்சையின் இயல்பு. நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம் வந்தால்தான் கார்க் கெடுத்துவிட்டது என்று பாட்டிலைத் திருப்பி அனுப்ப வேண்டும்.