தாத்தாவின் தங்க வாட்ச்: ஏலத்துக்கு முன் செய்யக்கூடாதவை

ராயபுரம், தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை பக்கம் கப்பலிலும் துறைமுகத்திலும் வேலை பார்த்தவர்களின் வீட்டு பீரோவில் சில சமயம் சாவி கொடுக்கிற பழைய தங்க வாட்ச் ஒன்று கிடைக்கும். டயலில் ஒமேகா என்றோ ரோலெக்ஸ் என்றோ இருந்தால் பேரப்பிள்ளைகள் உடனே போனில் ஏல விலையைத் தேடுவார்கள். அதற்கு அடுத்த வாரத்தில்தான் பெரும்பாலான சேதம் நடக்கிறது. எல்லாம் நல்லெண்ணத்தில் செய்வதுதான். ஆனால் திருப்ப முடியாத சேதம்.

வாட்சை நகையாக நினைப்பதில்தான் இது தொடங்குகிறது. சவுகார்பேட்டை நகைக்கடைக்கு எடுத்துப் போனால் கடைக்காரர்கள் வழக்கப்படி மெஷினையும் கண்ணாடியையும் கழித்துவிட்டு, கேஸை எடை போட்டு விலை சொல்வார்கள். தோல் பட்டை போட்ட, ஆண்களின் மெல்லிய வாட்சில் தங்கம் ஒன்றிரண்டு சவரனைத் தாண்டுவது அரிது. அதுவும் நம் நகை மாதிரி 22 காரட் இல்லை. சுவிஸ் வாட்சுகளில் பெரும்பாலும் 18 காரட், அதாவது 75 சதவீதம். வியட்நாமின் கடைசிப் பேரரசர் பாவோ டாய் வைத்திருந்த ரோலெக்ஸ் 6062 மாடல் தங்க வாட்ச் 2002 ஏலத்தில் சுமார் 2,35,000 டாலருக்குப் போனது. அதே வாட்ச் 2017இல் ஜெனீவாவில் 50 லட்சம் டாலரைத் தாண்டியது. இடையில் அதில் இருந்த தங்கம் ஒரு கிராம்கூடக் கூடவில்லை. கறுப்பு டயல், அதில் வைரக் குறிகள், யார் கையில் இருந்தது என்ற வரலாறு, இவற்றுக்குத்தான் அந்த விலை. பெயர் கேள்விப்படாத கம்பெனி வாட்ச் என்றால் இன்றைய தங்க விலையில் எடைக் கணக்கே மேலாக வரலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் மெஷினையும் டயலையும் விவரம் தெரிந்த ஒருவர் பார்க்கும்வரை யாரும் கேஸை நசுக்க விடாதீர்கள்.

தங்கம்தானா என்று சோதிக்க உரைகல்லில் உரசவும் வேண்டாம். பின்மூடியின் உட்பக்கத்தைப் பாருங்கள். 18 காரட் தங்கம் என்றால் பெரும்பாலும் 0.750 என்ற எண் இருக்கும். சுவிட்சர்லாந்தில் செய்த 18 காரட் கேஸ் என்றால் ஹெல்வெட்டியா என்ற பெண்ணின் தலை முத்திரையும் சின்னதாக இருக்கும். 1995க்குப் பிறகு அந்த முத்திரையின் இடத்தில் செயின்ட் பெர்னார்ட் நாயின் தலை வந்தது. 1950களின் வாட்ச் என்று சொல்லி அதில் நாய்த்தலை இருந்தால் கேள்வி கேட்க வேண்டும். '20 மைக்ரான்' போன்ற பொறிப்பு இருந்தால் அது தங்க முலாம். பின்மூடியை வீட்டில் கத்தி முனையால் நெம்பாதீர்கள், வாட்ச் மெக்கானிக்கிடம் கொடுத்துத் திறக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது பாலிஷ். விலையை அதிகம் கெடுப்பதில் இதற்கு முக்கிய இடம் உண்டு. தங்கம் மெத்தென்ற உலோகம். ஒவ்வொரு பாலிஷிலும் கொஞ்சம் தேய்ந்து போகும். பட்டை மாட்டும் கொம்புகளின் கூர்மையான விளிம்பு உருண்டு போகும், முத்திரை மங்கும், பின்மூடிப் பொறிப்பு அழியும். வாங்குபவர் முதலில் கண்ணை வைப்பதே அந்த விளிம்புகளில்தான். கீறல் விழுந்து மங்கிய கேஸை அவர்கள் விரும்பி எடுப்பார்கள்; பளபளவென்று சோப்புக்கட்டி மாதிரி வழவழத்த கேஸைப் பார்த்தால் கேட்பு அங்கேயே நின்றுவிடும். தாத்தா பெயரோ, வேலைக்குப் பரிசாகக் கொடுத்த தேதியோ பின்னால் பொறித்திருந்தால் அதையும் தேய்த்து எடுக்காதீர்கள்.

டயல் இதைவிட முக்கியம். கடலோரக் காற்றில் பல ஆண்டு இருந்த டயலில் புள்ளி விழும், ஓரம் பழுப்பேறும். அதைப் பார்த்து மனம் கேட்காமல் புதிதாகப் பெயின்ட் அடித்து எழுத்து அச்சிட்டு வாங்கி வருகிறோம். நம் நாட்டில் இப்படி மாற்றிய டயல்களைச் சேகரிப்பாளர்கள் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கிறார்கள்: எழுத்து தடிமனாக இருக்கும், நிமிடக் கோடுகள் வரிசை தவறும், அந்த மாடலில் எப்போதும் வராத நிறம் இருக்கும். ஒரே வாட்ச், பழுப்பேறிய அசல் டயலோடு ஒரு விலை, புது டயலோடு அதில் பாதிகூட வராமல் போகலாம். ஏற்கெனவே மாற்றியிருந்தால் ஏலக்காரரிடம் சொல்லிவிடுங்கள், அவர்கள் எப்படியும் பார்த்துவிடுவார்கள்.

முள்ளிலும் எண்ணிலும் இருட்டில் ஒளிரும் பூச்சு இருந்தால் இன்னொன்றைக் கவனியுங்கள். 1960களின் தொடக்கம்வரை ரேடியம் பூசினார்கள், பிறகு டிரிட்டியம். டிரிட்டியத்தின் கதிரியக்கம் சுமார் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகும். ரேடியத்தின் கதிரியக்கம் நூற்றாண்டுகள் நிற்கும், ஆனால் அதோடு கலந்த ஒளிரும் பொருள் களைத்துவிடும். ஆகவே 1955ஆம் ஆண்டு வாட்ச் இன்று இருட்டில் பளிச்சென்று ஒளிர்ந்தால் அந்தப் பூச்சு புதியது. ரேடியம் பூச்சைச் சுரண்டவே கூடாது, தூசி மூச்சில் போனால் ஆபத்து.

'ஓடுது பாரு' என்று தினமும் சாவி கொடுப்பதும் தவறு. இருபது வருடம் பீரோவில் கிடந்த மெஷினில் எண்ணெய் காய்ந்திருக்கும், ஓட ஓட அச்சு தேயும். சர்வீஸ் செய்தால், மாற்றிய பழைய முள், கண்ணாடி, சாவித்தலை எல்லாவற்றையும் கேட்டு வாங்கி ஒரு கவரில் வையுங்கள். பாகம் மாறிய வாட்ச் எவ்வளவு பெரிய சிக்கல் என்பதற்கு ஒரு உதாரணம்: 2021 நவம்பரில் ஜெனீவாவில் 31 லட்சம் சுவிஸ் ஃபிராங்குக்கு விற்ற ஒமேகா ஸ்பீட்மாஸ்டர், பல வாட்சுகளின் பாகங்களைச் சேர்த்துச் செய்தது என்று 2023இல் ஒமேகா கம்பெனியே சொன்னது. பெரிய ஏல அரங்கத்திலேயே இது நடந்தது.

ஏடனிலோ சிங்கப்பூரிலோ வாங்கிய ரசீது, சிவப்பு டப்பா, தாத்தா அந்த வாட்சோடு இருக்கும் போட்டோ, அவருடைய கப்பல் வேலைப் பதிவான சிடிசி புத்தகம், எதையும் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். பாட்டெக் ஃபிலிப் போன்ற கம்பெனிகள் கட்டணம் வாங்கிக்கொண்டு தங்கள் பழைய பதிவேட்டிலிருந்து சான்று தருகின்றன.

வெளிநாட்டு ஏலத்துக்கு உறவினர் கையில் கொடுத்து அனுப்புவதும், 'பழைய வாட்ச், பரிசு' என்று குறைந்த மதிப்பு எழுதிக் கூரியரில் போடுவதும் வேண்டாம். தொலைந்தால் இன்சூரன்ஸ் எழுதிய மதிப்புக்குத்தான். நீங்களே கையில் கொண்டுபோவதாக இருந்தால் புறப்படும்போதே விமான நிலையச் சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். விற்காமல் திரும்பி வந்தால் வரித் தகராறு இருக்காது. அப்புறம், பேராசைப்பட்டு இதற்குக் கீழே தரமாட்டேன் என்று உயரமான விலையில் நிற்காதீர்கள். விற்காமல் போன வாட்சின் பதிவு எல்லோரும் பார்க்கும்படி கிடக்கும், அடுத்த ஏலத்தில் அதைச் சொல்லியே விலையை இறக்குவார்கள்.

வாங்கும் பக்கம் இருப்பவர்களுக்கு: காசிமேட்டில் மீனைக் கண்ணால் பார்த்து ஏலம் கேட்கிறோம், ஆன்லைன் ஏலத்தில் கையில் இருப்பது போட்டோ மட்டும். அதனால் மெஷின், பின்மூடி உட்பக்கம், கொம்புகள் எல்லாவற்றின் படத்தையும் நிலை அறிக்கையையும் எழுதிக் கேளுங்கள். சுத்தியல் விலையோடு, அதாவது ஏலத்தில் கடைசியாகக் கேட்ட விலையோடு, கணக்கு முடியாது. பெரிய ஏல நிறுவனங்களில் அதற்கு மேல் கால் பங்கை ஒட்டிக் கமிஷன் வரும், பிறகு அனுப்பும் செலவு, சுங்கவரி, ஜிஎஸ்டி. உள்ளூரில் வாங்கினாலும் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ விற்பவர் ரொக்கமாகப் பெறுவது 2017 முதல் சட்டப்படி தடை. 10 லட்சத்துக்கு மேற்பட்ட கைக்கடிகாரத்துக்கு 2025 ஏப்ரல் 22 முதல் விற்பவர் 1 சதவீதம் வரி பிடிக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. பட்டை முதலைத் தோலாக இருந்தால் வனவிலங்குச் சட்டத்தால் சுங்கத்தில் நிற்கலாம். அதைக் கழற்றிவிட்டு அனுப்பச் சொல்லுங்கள், ஆனால் தங்க பக்கிளை விட்டுவிடாதீர்கள், அசல் பக்கிளுக்குத் தனி விலை உண்டு.