முதல் ஆழ்கடல் தூண்டில் பயணம்: மட்டக்களப்பு முகத்துவாரத்திலிருந்து நாலு பேர், ஒரு பைபர் போட்

எல்லாரும் தூண்டில் தடி வாங்குவதில் தொடங்குவார்கள். அது கடைசி வேலை. எத்தனை மணிக்குத் திரும்புவது, அதுக்கு எவ்வளவு பெற்றோல் வேணும் என்பதை முதலில் முடிவெடுங்கள். கீழே உள்ள கணக்கு 23 அடி பைபர் போட்டுக்கும் 40 குதிரைவலு டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கும் போட்டது.

1. காற்றைப் பாருங்கள்

கிழக்குக் கடல் பொதுவாக அடங்கிக் கிடப்பது ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை. நவம்பரில் மாரியும் வாடைக்காற்றும் வந்துவிட்டால் அந்தப் பேச்சே வேண்டாம். ஆனால் ஜூன், ஜூலையில் கச்சான் காற்று ஒரு ஏமாற்று வேலை செய்யும். அது தரையிலிருந்து கடலுக்கு வீசுவதால் கரையோரம் குளம் மாதிரிக் கிடக்கும்; சில கிலோமீற்றர் தாண்டிய பிறகுதான் அலை தெரியும். போகும்போது முதுகில் தள்ளிய காற்று வரும்போது முகத்தில் அடிக்கும், எண்ணெய் கூட எரியும். எஞ்சின் நின்றால் போட் கரைக்கு ஒதுங்காது, வங்காள விரிகுடாவுக்குள் போய்க்கொண்டிருக்கும். முதல் நாள் பின்னேரம் வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் அறிவிப்பைப் பாருங்கள். காற்று மணிக்கு 30 கி.மீ.க்கு மேல் என்றால் புதியவர்கள் போகாமல் விடுவது நல்லது.

2. எண்ணெய்க் கணக்கு

12 கி.மீ. வெளியே போக அரை மணித்தியாலம், வர அரை மணித்தியாலம்: மொத்தம் 12 லீற்றர். மெதுவாக ஓடி இரை இழுக்கும் 4 மணித்தியாலத்துக்கு 20 லீற்றர். ஆக 32. அதில் பாதியைக் கையிருப்பாகச் சேர்த்தால் 48, அதாவது 25 லீற்றர்க் கேன் இரண்டு. கையிருப்பு கச்சானுக்குத்தான், இன்னும் கொஞ்சம் மீன் தேடுவதற்கு இல்லை. பெற்றோலும் ஒயிலும் 50க்கு 1 கலக்கும் எஞ்சின் என்றால் 25 லீற்றருக்கு டூ-ரீ ஒயில் 500 மி.லீ. சில எஞ்சினுக்கு 100க்கு 1 போதும். கைநூலைப் பார்த்து ஊற்றுங்கள்.

கடலில் எஞ்சின் நின்றால் புதியவர்கள் உடனே ப்ளக்கைக் கழற்றப் பார்ப்பார்கள். முதலில் எண்ணெய்க் குழாயில் உள்ள றப்பர் பல்பைப் பாருங்கள். அது சப்பிப்போய்க் கிடந்தால், டேங்க் மூடியில் உள்ள காற்றுத் திருகைத் திறக்க மறந்துவிட்டீர்கள். உள்ளே காற்றுப் போகாவிட்டால் பெற்றோல் வெளியே வராது. பத்து நிமிடம் நன்றாக ஓடிவிட்டு எஞ்சின் மூச்சுத் திணறி நிற்கும். எஞ்சினின் பின்பக்கம் பீச்சும் தண்ணீர்த் தாரை நின்றால் அது வேறு கதை: குளிரூட்டும் தண்ணீர் ஏறவில்லை, உடனே நிறுத்துங்கள். பெரும்பாலும் பொலித்தீன் பை உறிஞ்சியிருக்கும்.

கொண்டுபோக வேண்டியவை: மாற்று ப்ளக் இரண்டு, ப்ளக் ஸ்பனர், இழுகயிறு, எஞ்சினுக்கு ஒரு மாற்று விசிறி (புரொப்பெல்லர்), நங்கூரம், ஆளுக்கு 4 லீற்றர் தண்ணீர், ஜீபீஎஸ், 16ஆம் அலைவரிசை பிடிக்கும் வீஎச்எப் றேடியோ, போட்டின் பதிவுப் பத்திரம், அடையாள அட்டைகள். உயிர்காப்பு அங்கியை இருக்கைக்கடியில் வைக்க வேண்டாம், போட்டுக்கொள்ளுங்கள். திரும்பும் நேரத்தைக் கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

3. முகத்துவாரத்தைத் தாண்டுவது

மணல் திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும். போன கிழமை போன வழி இந்தக் கிழமை இருக்காது. காலையில் பாலமீன்மடுத் தொழிலாளரிடம் எந்தப் பக்கம் ஆழம் என்று கேளுங்கள். இருட்டில் தாண்டாதீர்கள், விடிகிற வெளிச்சத்தில், 5.45 போல வெளிக்கிட்டால் போதும்.

அலை உடைகிற இடத்துக்கு உள்ளேயே நின்று ஐந்து நிமிடம் பாருங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வந்து, பிறகு ஒரு ஓய்வு விழும். அந்த ஓய்வில் அணியத்தை (போட்டின் முன்பக்கத்தை) அலைக்கு நேரே வைத்துப் போங்கள். பாதியில் மனம் மாறித் திருப்பினால் போட் குறுக்கே நிற்கும், கவிழ்வது அப்போதுதான். வரும்போது ஓர் அலையின் முதுகில் ஏறி அதே வேகத்தில் வாருங்கள். அதை முந்தவும் வேண்டாம், பின்னால் வருவது பிடிக்கவும் விட வேண்டாம். மத்தியானக் கடற்காற்று வாவியிலிருந்து ஓடிவரும் நீரோடு மோதினால் அலை செங்குத்தாக எழும். அதனால் 11 மணிக்கு முன் உள்ளே வந்துவிடுங்கள்.

4. தூண்டில்

இரண்டு றீல், ஒவ்வொன்றிலும் 50 இறாத்தல் தாங்கும் தங்கூசி (நைலோன் நூல்) 300 மீற்றர். அறக்குளாவும் சீலாவும் தங்கூசியைப் பல்லால் அறுத்துவிடும் என்பதால் நுனியில் ஒரு முழம் கம்பி கட்டுங்கள். சூரைக்குக் கம்பி வேண்டாம், அதுக்குக் கண் கூர்மை.

றீலின் பிடியை, அதாவது மீன் இழுக்கும்போது நூலை வழுக்கவிடும் இறுக்கத்தை, கையால் இழுத்துப் பார்த்து மதிப்பிடாதீர்கள். நூல் நுனியைத் தொங்கு தராசில் கொழுவி, தடியைச் சரித்துப் பிடித்து இழுங்கள். முள் 6 கிலோவில் நிற்கும்போது நூல் வழுக்கத் தொடங்க வேண்டும். அது 50 இறாத்தலில் நாலில் ஒரு பங்கு சொச்சம். இதைவிட இறுக்கினால் முதல் ஓட்டத்திலேயே அறும்.

ஒரு செயற்கை இரையை 15 மீற்றரிலும் மற்றதை 30 மீற்றரிலும் விட்டு, மணிக்கு 11 முதல் 14 கி.மீ. வேகத்தில் ஓடுங்கள். மீன் கொழுவியதும் எஞ்சினை நிறுத்த வேண்டாம். நூல் தளர்ந்தால் தூண்டில் முள் கழன்றுவிடும். ஒருவர் போட்டை ஓட்ட, ஒருவர் மீனோடு நிற்க, மூன்றாமவர் மற்ற நூலைச் சுற்றியெடுக்க, நாலாமவர் கொக்கத்தடியோடு நிற்க வேண்டும். தங்கூசியைக் கையில் சுற்றிப் பிடிக்கவே கூடாது, விரல் போய்விடும்.

1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மிஸ் கப்பல் கரையிலிருந்து சுமார் 9 கி.மீ. தூரத்தில், 50 மீற்றருக்கும் கூடிய ஆழத்தில் கிடக்கிறது. மீன் கூடும் இடம்தான், ஆனால் நங்கூரம் போடாதீர்கள்: சிக்கினால் வராது, கீழே சுழியோடிகள் இருக்கலாம், அது 307 பேர் இறந்த கப்பலும்கூட. நீரோட்டத்துக்கு மேற்பக்கம் போய், மிதந்து வந்து தூண்டில் போடுங்கள். வால் உடம்பளவுக்கு நீண்ட சுறா கொழுவினால் நூலை வெட்டி அதை விட்டுவிடுங்கள். இலங்கையில் 2012 முதல் அதைப் பிடிக்கத் தடை.

5. ஐஸ்

ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ உடைத்த ஐஸ். சூரையைப் பிடித்த உடனே நெஞ்சுச் செட்டைக்குப் பின்னால் கீறி இரத்தம் போக்கி, ஐஸுக்குள் புதையுங்கள். வெயிலில் இரண்டு மணித்தியாலம் கிடந்த சூரையில் ஹிஸ்டமின் ஊறும். தின்றால் முகம் சிவந்து தலை இடிக்கும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது.