கையடக்க ரேடியோ அலை டிடெக்டரைக் கொண்டு ஓர் அறையைச் சோதிப்பது எப்படி?

புதிதாகக் குடிபோகும் வாடகை வீட்டிலோ, வெளியூரில் தங்கும் விடுதி அறையிலோ யாரேனும் கேமராவையோ ஒட்டுக்கேட்கும் கருவியையோ ஒளித்துவைத்திருப்பார்களோ என்ற ஐயம் எழுந்தால், பலரும் இணையக் கடையில் ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் கையடக்க டிடெக்டர் ஒன்றை வாங்கிவிடுகிறார்கள். பெட்டியைப் பிரித்துச் சுவிட்சைப் போட்டதும் அது அறையின் எல்லா மூலையிலும் கத்துகிறது. அல்லது எங்குமே கத்துவதில்லை. இரண்டில் எது நடந்தாலும் கருவி பழுது என்று முடிவுகட்டி அலமாரிக்குள் போட்டுவிடுவார்கள். பெரும்பாலும் பழுது கருவியில் இருப்பதில்லை. அதன் உணர்திறன் குமிழை எப்போது ஏற்ற வேண்டும், எப்போது இறக்க வேண்டும் என்பதை உடன் வரும் சிறு தாள் சொல்லிக்கொடுப்பதில்லை, அவ்வளவுதான். பத்துக்குப் பன்னிரண்டு அடி அளவுள்ள ஒரு படுக்கையறையை எடுத்துக்கொண்டு, அதை எப்படிச் சோதிப்பது என்று வரிசையாகப் பார்ப்போம்.

கருவி எதை அளக்கிறது?

இந்த வகை டிடெக்டரின் உள்ளமைப்பு மிக எளியது. ஆன்டெனாவில் விழும் ரேடியோ அலையின் வலிமையை ஒரு டையோடு சுற்று மின்னழுத்தமாக மாற்ற, அந்த மின்னழுத்தம் விளக்குகளாகவும் ஒலியாகவும் அதிர்வாகவும் நமக்குத் தெரிகிறது. அலை யாருடையது, அதில் குரல் போகிறதா படம் போகிறதா என்பதெல்லாம் கருவிக்குத் தெரியாது. வானொலிப் பெட்டியைப் போல ஒரு நிலையத்தைப் பிரித்தெடுக்கவும் அதற்கு இயலாது. 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பண்பலை ஒலிபரப்பு, 900 மற்றும் 1800 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் 2ஜி மொபைல், 2.4 மற்றும் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை என வந்துசேரும் அனைத்தையும் ஒன்றாகக் கூட்டி, ஒரே அளவாகத்தான் அது காட்டும்.

அப்படியானால் தெருக்கோடியில் நிற்கும் செல்போன் டவரையும், கட்டிலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் சிறு கருவியையும் எப்படிப் பிரித்தறிவது? தூரத்தை வைத்துத்தான். ரேடியோ அலையின் வலிமை, தூரம் இருமடங்கானால் கால் பங்காகக் குறைகிறது. 200 மீட்டருக்கு அப்பால் இருக்கும் டவரை நோக்கி நீங்கள் ஒரு மீட்டர் நகர்ந்தால், அளவில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான் கூடும். அதைக் கருவியில் காணவே முடியாது. ஒரு மீட்டர் தொலைவில் இருக்கும் பொருளை நோக்கி 90 சென்டிமீட்டர் நகர்ந்து, 10 சென்டிமீட்டர் அருகில் போய்விட்டாலோ வலிமை ஏறக்குறைய நூறு மடங்காகிறது. ஒரு கை நீட்டும் தூரத்துக்குள் நிகழும் இந்தத் திடீர் ஏற்றத்தைத்தான் நாம் தேடுகிறோம். ஓர் இடத்தில் கருவி எவ்வளவு கத்துகிறது என்பது முக்கியமில்லை. கையை நகர்த்தும்போது எவ்வளவு மாறுகிறது என்பதையே கவனிக்க வேண்டும்.

முதல் படி: உங்கள் பொருள்களை வாயடைத்தல்

அறையில் உங்களுக்குச் சொந்தமான, அலை வெளியிடக்கூடிய எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். மொபைலை ஏரோபிளேன் மோடில் வைத்தாலும் பல மாடல்களில் வைஃபையும் புளூடூத்தும் தொடர்ந்து இயங்கும் என்பதால், அவற்றைத் தனியே அணைக்க வேண்டும். முழுவதுமாக அணைத்து வெளியே வைப்பது இன்னும் நல்லது. மடிக்கணினி, வைஃபை ரவுட்டர், ஸ்மார்ட் டிவி, செட்-டாப் பாக்ஸ், புளூடூத் ஸ்பீக்கர், சமையலறையில் ஓடிக்கொண்டிருக்கும் மைக்ரோவேவ் அடுப்பு ஆகியவையும் இந்தப் பட்டியலில் அடங்கும். நான் முதன்முறை இந்தக் கருவியை எடுத்தபோது, போகும் இடமெல்லாம் அரை நொடிக்கொரு முறை துடிக்கும் ஒரு மர்மச் சமிக்ஞையை முக்கால் மணி நேரம் துரத்தினேன். அது என் இடக்கையில் கட்டியிருந்த ஸ்மார்ட் வாட்ச்.

இங்கே தொடக்கநிலையாளர்கள் செய்யும் ஒரு பிழையைச் சொல்லியாக வேண்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாக அணைக்கும் எண்ணத்தில் மெயின் சுவிட்சை இறக்கிவிடுகிறார்கள். பிளக் பாயின்ட்டுக்குள்ளோ அடாப்டருக்குள்ளோ பொருத்தப்பட்ட கருவி வீட்டு மின்சாரத்தில்தான் ஓடும். மின்சாரத்தை நிறுத்தினால் அதுவும் அடங்கிவிடும். எனவே உங்களுடைய பொருள்களை மட்டும் அணைத்து, அறையோடு வந்தவற்றுக்கு மின்சாரம் பாயவிடுங்கள். விளக்கும் எரியட்டும்.

இரண்டாம் படி: ஆன்டெனாவின் நீளம்

இழுத்து நீட்டும் ஆன்டெனா உள்ள கருவியானால், அலைநீளத்தில் கால் பங்கு நீளம் இருக்கும்போது அது அந்த அதிர்வெண்ணை நன்றாக வாங்கும். 100 மெகாஹெர்ட்ஸுக்கு இது 75 சென்டிமீட்டர், 900 மெகாஹெர்ட்ஸுக்கு 8 சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும், 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு 3 சென்டிமீட்டர் போதும். ஆகவே அறையை இரண்டு முறை சுற்றுவது நல்லது. பண்பலை அலைவரிசையை ஒட்டி இயங்கும் பழைய பாணி மைக்குகளுக்காக ஒரு முறை ஆன்டெனாவை முழுவதும் நீட்டியும், மொபைல், வைஃபை வகைகளுக்காக இன்னொரு முறை சுருக்கியும் சுற்றுங்கள். குட்டையான நிலையான ஆன்டெனா மட்டுமே உள்ள கருவியில் முதல் சுற்று அவ்வளவாகப் பயன்தராது.

மூன்றாம் படி: தெரிந்த பொருளை வைத்துப் பழகுதல்

எதையும் தேடுவதற்கு முன், கருவி எப்படிப் பேசுகிறது என்று காதுக்குப் பழக்க வேண்டும். வீட்டில் ஒருவரிடம் மொபைலைக் கொடுத்து, ஓர் அழைப்பை இணைப்பிலேயே வைத்தபடி அதை ஏதேனும் இழுப்பறைக்குள் மறைக்கச் சொல்லிவிட்டு, கருவியை மட்டும் நம்பிக் கண்டுபிடியுங்கள். 2ஜி அழைப்பு என்றால் சீறலான ஒரு தொடர் ரீங்காரம் கேட்கும். முன்பு கணினி ஸ்பீக்கர் அருகே மொபைலை வைத்தால் அழைப்பு வருவதற்கு முன்பே டிர்ர் டிர்ர் என்று ஒலிக்குமே, அதே ஒலிதான். அந்தத் தொழில்நுட்பம் நொடிக்கு ஏறத்தாழ 217 முறை விட்டுவிட்டு அலையை அனுப்புவதால் அப்படிக் கேட்கிறது. வைஃபை ரவுட்டர், யாரும் பயன்படுத்தாத வேளையிலும் தன் பெயரை நொடிக்குச் சுமார் பத்து முறை அறிவித்துக்கொண்டே இருப்பதால், சீரான டக் டக் ஒலியாகத் தெரியும். வீடியோ ஓடத் தொடங்கினால் அந்தத் தட்டல்கள் நெருங்கி இரைச்சலாகிவிடும். தனக்கென ஹாட்ஸ்பாட் வைத்து இயங்கும் மலிவான கேமராக்களும் இப்படித்தான் தட்டும். இந்தப் பயிற்சிக்கு அரை மணி நேரம் செலவிட்டால், பிறகு பல மணி நேரக் குழப்பம் மிச்சமாகும். பயிற்சிக்காக இயக்கிய மொபைலையும் ரவுட்டரையும் முடிந்ததும் மறுபடி அணைத்துவிடுங்கள்.

நான்காம் படி: அடிப்படை அளவை நிறுத்துதல்

அறையின் நடுவில் நின்று உணர்திறன் குமிழை மெல்ல ஏற்றுங்கள். முதல் விளக்கு மினுங்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, அது அணையும் அளவுக்கு மட்டும் பின்னால் திருப்புங்கள். இதுவே இந்த அறையின் அடிப்படை அளவு. சன்னல் பக்கம் டவர் இருந்தால் அங்கே அளவு கூடுதலாகவும், உள்சுவர்ப் பக்கம் குறைவாகவும் இருக்கும் என்பதால், சன்னல் ஓரத்துக்குப் போகும்போது மட்டும் குமிழை மறுபடி சரிசெய்ய வேண்டியிருக்கும். குமிழை முழு அளவுக்கு ஏற்றிவைத்துக்கொண்டு தேடத் தொடங்குவதுதான் கருவி எல்லா இடத்திலும் கத்துவதற்குக் காரணம்.

ஐந்தாம் படி: சுற்றி வருதல்

கதவிலிருந்து தொடங்கி, ஒரு திசையை வைத்துக்கொண்டு சுவரோரமாக நடந்து, மறுபடி கதவில் வந்து முடியுங்கள். கருவியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தூரத்தில் பிடித்து, தரையோரம், இடுப்புயரம், தலைக்கு மேல் என மூன்று மட்டங்களில் நகர்த்த வேண்டும். பெருக்குமாற்றை வீசுவது போல வேகமாக வீசினால் பயனில்லை. டிஜிட்டல் கருவிகள் விட்டுவிட்டு அலை அனுப்புபவை ஆகையால், அவை வாய்மூடியிருக்கும் நேரத்தில் நீங்கள் கடந்துபோய்விடக்கூடும். ஓரடிக்கு நான்கைந்து நொடியாவது கொடுங்கள். ஆன்டெனாவை நிமிர்த்திப் பிடித்தபோது ஒன்றும் வராத இடத்தில் படுக்கவைத்துப் பிடித்தால் வரலாம். எனவே மணிக்கட்டை அவ்வப்போது திருப்பிக்கொள்ளுங்கள்.

மின்சாரம் தடையின்றிக் கிடைக்கும் இடங்களில் கூடுதல் நேரம் நில்லுங்கள். பேட்டரி தீர்ந்தால் மாற்றுவதற்கு மறுபடி அறைக்குள் வர வேண்டியிருக்கும் என்பதால், ஒளித்துவைப்பவர் பெரும்பாலும் பிளக் பாயின்ட், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், மொபைல் சார்ஜர் அடாப்டர், மேசை விளக்கு, டிஜிட்டல் கடிகாரம், கூரையில் உள்ள புகை உணரி போன்றவற்றையே நாடுவார். படுக்கையின் தலைமாடும் குளியலறைக் கதவை நோக்கிய சுவரும் தனிக் கவனத்துக்குரியவை.

அளவு ஏறுவதைக் கண்டதும் கை தானாகவே கருவியை அங்கே அழுத்தப் போகும். மாறாக, நின்று குமிழை இறக்குங்கள். விளக்குகள் பாதியாகக் குறையும்வரை இறக்கிவிட்டு, மீண்டும் நெருங்குங்கள்; அவை மறுபடி நிரம்பினால் மறுபடி இறக்குங்கள். மூன்று நான்கு முறை இப்படிச் செய்தபின், ஒரு விரற்கடை தூரத்தில் மட்டுமே கருவி ஒலித்தால் அலை புறப்படும் இடத்தைப் பிடித்துவிட்டீர்கள் என்று பொருள். குமிழை இவ்வளவு இறக்கியதும் ஒலி எங்கும் கேட்காமல் போனால், வெளியிலிருந்து வரும் அலையைத்தான் இதுவரை துரத்தியிருக்கிறீர்கள்.

இரும்புப் பொருள்கள் இந்த இடத்தில் நன்றாகவே ஏமாற்றும். பீரோ, சன்னல் கம்பி, கட்டில் சட்டம் ஆகியவற்றில் அலை பட்டுத் திரும்பி, வரும் அலையோடு கூடி, ஆங்காங்கே போலி உச்சங்களை உண்டாக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர் என்பதால், ஏறத்தாழ 6 சென்டிமீட்டருக்கு ஒருமுறை அளவு ஏறி இறங்கினால் அது எதிரொலிப்பு என்று ஊகிக்கலாம். உண்மையான மூலத்தை எந்தப் பக்கத்திலிருந்து நெருங்கினாலும் அளவு கூடிக்கொண்டே போகும். ஒரு புள்ளியில் குவியாமல் சுவரின் அகன்ற பரப்பு முழுவதும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஒலித்தால், சுவருக்கு அப்பால் பக்கத்து வீட்டு ரவுட்டர் இருக்க வாய்ப்பு அதிகம்.

ஆறாம் படி: தூங்குவதை எழுப்புதல்

சிம் கார்டு போட்டு இயங்கும் ஒட்டுக்கேட்கும் கருவி, யாரும் அழைக்காதபோது நெடுநேரம் ஊமையாக இருந்து, நெட்வொர்க்கில் தன் இருப்பைப் பதிவுசெய்ய மட்டும் எப்போதாவது சில நொடிகள் அலை அனுப்பும். சில வகைகள் பேச்சுச் சத்தம் கேட்டால்தான் விழித்து, உரியவருக்குத் தாமாகவே அழைப்பு விடுக்கும். கேமராக்களில் பல, எதிரே அசைவு தெரிந்தால்தான் படத்தை அனுப்பும். ஆகையால் சாதாரண வானொலிப் பெட்டியில் செய்தியையோ பாட்டையோ ஒலிக்கவிட்டு, அறைக்குள் நடமாடியபடியே தேடுங்கள். சுற்றி முடித்ததும் கருவியைக் கட்டிலருகே வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் அதே ஒலி தொடர, காதை மட்டும் அதன்மேல் வைத்திருங்கள். நள்ளிரவுக்குப் பிறகு அக்கம்பக்கத்து இரைச்சல் குறைவாக இருக்கும் நேரத்தில் இதைச் செய்தால் தெளிவு கூடும்.

ஏழாம் படி: கருவிக்குக் கேட்காதவை

படத்தை மெமரி கார்டில் சேமித்துவைக்கும் கேமராவும், கம்பி வழியே இணைந்த மைக்கும் அலை எதையும் அனுப்பாததால், இந்தக் கருவிக்கு அவை இல்லாதவையே. இதற்கு வரலாற்றில் ஒரு பெயர்பெற்ற சான்று உண்டு. 1945இல் மாஸ்கோவில் சோவியத் சிறுவர்கள் அமெரிக்கத் தூதர் ஆவரெல் ஹாரிமனுக்கு, அமெரிக்க அரசு முத்திரையை மரத்தில் செதுக்கிப் பரிசளித்தார்கள். அதனுள்ளே சோவியத் கண்டுபிடிப்பாளர் லியோன் தெரெமின் வடிவமைத்த ஒட்டுக்கேட்கும் கருவி இருந்தது. பேட்டரியோ மின்கம்பியோ இல்லாத அக்கருவி, வெளியிலிருந்து யாரேனும் ரேடியோ கற்றையை அதன்மேல் பாய்ச்சினால் மட்டுமே உயிர்பெற்று, அறையில் பேசுவதைத் திருப்பி அனுப்பும். மற்ற வேளைகளில் அது வெறும் மரமும் உலோகமும்தான். தூதரின் இல்லச் சுவரில் ஏழு ஆண்டுகள் தொங்கிய அது 1952இல்தான் பிடிபட்டது. நம் வீட்டுக்கு அப்படியொன்று வரப்போவதில்லை என்றாலும், அலை இல்லாதபோது டிடெக்டருக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்பது அதற்கும் மெமரி கார்டு கேமராவுக்கும் பொது.

அத்தகைய கேமராக்களுக்காகத்தான் பல டிடெக்டர்களில் சிவப்பு விளக்குகளும், நடுவே பார்ப்பதற்குச் சிவப்புக் கண்ணாடியும் வைத்திருக்கிறார்கள். திரைச்சீலைகளை மூடி அறையை இருட்டாக்கி, கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டிவைத்து, விளக்குகளை எரியவிட்டு ஒவ்வொரு பொருளாகப் பாருங்கள். கேமராவின் லென்ஸ், விளக்கின் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புவதால், கூரிய சிவப்புப் புள்ளியாக மின்னும். சற்று இடம் மாறிப் பார்த்தால் ஆணித் தலையிலும் பளபளப்பான பிளாஸ்டிக்கிலும் தெரியும் மினுக்கு இடம்பெயரும், அல்லது மறையும். லென்ஸின் புள்ளி அதே துளைக்குள் நிற்கும். லென்ஸ் எந்தத் திசையை நோக்கியிருக்கிறதோ அங்கிருந்து பார்த்தால்தான் இது தெரியும் என்பதால், படுக்கையில் அமர்ந்தும் குளியலறையில் நின்றும் பார்ப்பது அவசியம். என் கணிப்பில், விடுதி அறையைப் பொறுத்தவரை ரேடியோ அலைச் சோதனையைவிட இதுவே முதலில் செய்யத்தக்கது.

ஏதேனும் அகப்பட்டால்

அதைப் பிடுங்காதீர்கள், தொடாதீர்கள். இருக்கும் இடத்திலேயே பல கோணங்களில் படமெடுத்து, நேரத்தைக் குறித்துக்கொண்டு, லென்ஸின் பார்வையிலிருந்து விலகி வெளியேறி, 112 என்ற எண்ணுக்கு அழையுங்கள். ஒரு பெண்ணின் அந்தரங்கச் செயலை அவர் அறியாமல் பார்ப்பதும் படமெடுப்பதும் இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவின்படி குற்றமாகும்; முதல் முறைக்கு ஓராண்டுக்குக் குறையாமல் மூன்றாண்டு வரை சிறை விதிக்கலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66E பிரிவு ஆண், பெண் என்ற வேறுபாடின்றிப் பொருந்தும். அச்சத்தில், ரேடியோ அலைகளை முடக்கும் ஜாமர் வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று: இந்தியாவில் தனிநபர்கள் அதை வாங்குவதும் பயன்படுத்துவதும் சட்டவிரோதம்.

ஒன்றும் அகப்படாவிட்டால், அணைத்துவைத்த உங்கள் பொருள்களை ஒவ்வொன்றாக மறுபடி இயக்கி, ஒவ்வொன்றுக்கும் குமிழ் எந்த நிலையில் இருந்தபோது எத்தனை விளக்குகள் எரிந்தன என்று ஒரு தாளில் எழுதிவையுங்கள். அடுத்த மாதம் இதே அறையைச் சோதிக்கும்போது, அந்தத் தாளில் இல்லாத ஒலியை மட்டும் துரத்தினால் போதும்.