சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவாக: முதலாம் வருடத்திலேயே பார்க்கவேண்டிய கணக்கு

இலங்கைப் பல்கலைக்கழகமொன்றின் கலைப்பீடத்துக்கோ விஞ்ஞான பீடத்துக்கோ உங்களைக் கொண்டுவந்து சேர்ப்பது உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளி. அத்தோடு அதன் வேலை முடிந்தது. மூன்று வருடப் பொதுப் பட்டத்தோடு வெளியேறுவதா, ஒரு பாடத்தில் ஆழ்ந்து கற்கும் நான்கு வருடச் சிறப்புப் பட்டம் படிப்பதா என்பதை உள்ளே வந்தபின் எழுதும் முதல் சில பரீட்சைகளே முடிவு செய்கின்றன. கலைப்பீடங்களில் தெரிவு பெரும்பாலும் முதலாம் வருடப் பெறுபேற்றின்படி நடக்கும். விஞ்ஞான பீடங்களில் இரண்டாம் வருட முடிவுவரை பார்ப்பதுண்டு. பொறியியல் பீடத்தில் இந்தக் கேள்வியே எழாது. அங்கே எல்லோரும் நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்கே பதிவாகிறார்கள்.

பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. முன்பு ‘ஸ்பெஷல்’ என்று சொன்னதைத்தான் இப்போது ஆங்கிலச் சான்றிதழில் ‘ஹானர்ஸ்’ என்று போடுகிறார்கள். சிலர் இதைக் ‘கௌரவப் பட்டம்’ என மொழிபெயர்க்கப்போய், பெரிய மனிதர்களுக்குப் பட்டமளிப்பு விழாவில் வழங்கும் கௌரவக் கலாநிதிப் பட்டத்தோடு குழப்பிக்கொள்கிறார்கள். தமிழில் ‘சிறப்புப் பட்டம்’ என்பதே தெளிவு. இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் பொதுப் பட்டம் 5ஆம் மட்டம், 90 கிரெடிட் (படிப்பின் அளவைக் காட்டும் எண்). சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டம், 120 கிரெடிட். வருடத்துக்கு 30 கிரெடிட் என்பது கணக்கு.

முதல் வேலை, நீங்கள் அனுமதி பெற்ற கல்வியாண்டுக்குரிய பீடக் கையேட்டை எடுத்து வைப்பது. மூத்த மாணவர் தரும் பழைய கையேட்டை நம்ப வேண்டாம். விதி மாறினால் பொதுவாகப் புதிய அணிக்கே பொருந்தும்; அண்ணாமாருக்குச் சராசரி 2.70 போதுமாக இருந்திருக்கலாம், உங்களுக்கு 3.00 கேட்கலாம். கையேட்டில் பார்க்கவேண்டியவை நான்கு: சிறப்புப் பாடத்தில் வேண்டிய தரப்புள்ளிச் சராசரி (ஜிபிஏ), எல்லாப் பாடங்களையும் சேர்த்த சராசரி, எந்தப் பாட அலகிலும் இறங்கக்கூடாத ஆகக்குறைந்த தரம், துறை எடுக்கும் மாணவர் தொகை. இந்த நான்காவதைப் பலர் கவனிப்பதில்லை. 3.00 என்பது விண்ணப்பிக்கும் தகுதிதான். 25 இடத்துக்கு 60 பேர் தகுதி பெற்றிருந்தால் சராசரியின் வரிசைப்படிதான் எடுப்பார்கள். அங்கே உண்மையான வெட்டுப்புள்ளி 3.00க்கு மேலே போய் நிற்கும்.

பாடத்தெரிவும் இங்கேதான் முக்கியமாகிறது. கலைப்பீடத்தில் முதலாம் வருடம் பெரும்பாலும் மூன்று பாடங்கள் எடுப்பீர்கள். அந்த மூன்றில் இல்லாத பாடத்தில் பின்னர் சிறப்புக் கற்கைக்குப் போக முடியாது. ஆகவே நேர அட்டவணை வசதிக்காகவோ நண்பர்கள் எடுத்தார்கள் என்பதற்காகவோ மூன்றாவது பாடத்தை நிரப்பாதீர்கள். முதல் விருப்பம் கைநழுவினால் சிறப்புக் கற்கைக்குப் போகக்கூடிய இரண்டாவது பாடமாக அது இருக்கட்டும். சில துறைகள் உயர்தரத்தில் அந்தப் பாடம் படித்திருக்கவேண்டும் என்றோ, முதலாம் வருடத்தில் குறித்த அலகொன்றைக் கட்டாயம் முடித்திருக்கவேண்டும் என்றோ கேட்கும். இதைத் துறைத் தலைவரிடம் பதிவு நாட்களிலேயே கேட்டுவிடுங்கள்.

இனிக் கணக்கு. தரப்புள்ளிகள் இப்படி: ஏ பிளஸ், ஏ இரண்டும் 4.0, ஏ மைனஸ் 3.7, பி பிளஸ் 3.3, பி 3.0, பி மைனஸ் 2.7, சி பிளஸ் 2.3, சி 2.0, சி மைனஸ் 1.7, டி பிளஸ் 1.3, டி 1.0, ஈ பூச்சியம். ஒவ்வோர் அலகின் தரப்புள்ளியையும் அதன் கிரெடிட்டால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுத்தால் சராசரி வரும்.

ஒரு பாடத்தில் நான்கு அலகு என்று வையுங்கள். 3 கிரெடிட் அலகில் பி பிளஸ் என்றால் 9.9. இன்னொரு 3 கிரெடிட் அலகில் சி பிளஸ், 6.9. 2 கிரெடிட் அலகொன்றில் ஏ, 8.0. மற்றைய 2 கிரெடிட்டில் பி, 6.0. கூட்டினால் 30.8, 10ஆல் வகுத்தால் 3.08. தப்பித்தாயிற்று. இப்போது அந்த சி பிளஸ் வந்த அலகில் சி மைனஸ் என்று மாற்றிப் பாருங்கள். 6.9 இருந்த இடத்தில் 5.1, கூட்டுத்தொகை 29.0, சராசரி 2.90. ஏ எடுத்த அலகு இதைக் காப்பாற்றவில்லை, காரணம் அது 2 கிரெடிட்தான்.

“மீள எழுதிச் சரிசெய்யலாம்தானே” என்று நினைப்பீர்கள். மீள எழுதும் அலகுக்கு எவ்வளவு புள்ளி எடுத்தாலும் ஆகக்கூடியது சி என்பதே வழமையான விதி. அப்படிப் பார்த்தால் 5.1 என்பது 6.0 ஆகும், கூட்டுத்தொகை 29.9, சராசரி 2.99. மயிரிழையில் போய்விடும். 2.99ஐ யாரும் 3.00 ஆக்கித் தரமாட்டார்கள். அதோடு, மீள்பரீட்சை அடுத்த வருடம் கனிஷ்ட மாணவரோடுதான் வரும். அதற்குள் தெரிவு முடிந்திருக்கும். முதல் தோற்றலில் எடுத்த தரங்களை மட்டுமே கணக்கில் எடுக்கும் துறைகளும் உண்டு.

இதிலிருந்து படிப்புத் திட்டம் ஒன்று கிடைக்கிறது. 2 கிரெடிட் அலகில் ஏ மைனசை ஏ ஆக்கினால் 0.6 கூடும். 3 கிரெடிட் அலகில் சி பிளசை பி மைனஸ் ஆக்கினால் 1.2 கூடும், அதாவது இரட்டிப்பு. பிடித்த அலகை மெருகேற்றுவதில் காட்டும் அக்கறையைப் பிடிக்காத பெரிய அலகின் பக்கம் திருப்புவதுதான் இலாபம். தொடர்மதிப்பீட்டுப் புள்ளிகளும் அப்படியே: ஒப்படையைப் பிந்திக் கொடுத்து இழக்கும் நான்கைந்து புள்ளி, தரத்தை ஒரு படி கீழே தள்ளப் போதும்.

சராசரியில் சேராத ஆங்கிலம், கணினி போன்ற கட்டாய அலகுகளை அலட்சியம் செய்து அகப்படுவோர் ஏராளம். ‘ஜிபிஏ இல்லைத்தானே’ என்று விட்டுவிடுவார்கள். சராசரியில் சேராவிட்டாலும் சித்தி பெற்றிருக்கவேண்டும் என்ற நிபந்தனை இருந்தால், அந்த ஒன்றே விண்ணப்பத்தை நிறுத்திவிடும். வரவும் இப்படித்தான். பொதுவாக 80 சதவீதம் கேட்பார்கள். குறைந்தால் பரீட்சை மண்டபத்துக்கே போக முடியாது.

பரீட்சை நாளில் நோய் வந்தால் அரைகுறையாக எழுதிவிட்டுப் பின்னர் மருத்துவச் சான்றிதழ் கொடுப்பதில் பயனில்லை, எழுதியது எழுதியதுதான். எழுத முடியாத நிலையென்றால் போகாமல், உடனே பீட அலுவலகத்துக்கு அறிவித்து, கையேட்டில் சொன்ன நாட்களுக்குள், பல்கலைக்கழக மருத்துவ அதிகாரி ஏற்கக்கூடிய சான்றிதழைக் கொடுங்கள். ஏற்கப்பட்டால் அடுத்தமுறை எழுதுவது முதல் தோற்றலாகவே கொள்ளப்படும், சி என்ற உச்சவரம்பும் இராது. ஆனாலும் அந்தப் பெறுபேறு வருவதற்குள் தெரிவு நடந்துவிடலாம். ஆகவே சான்றிதழ் கொடுத்த கையோடு, உங்கள் விண்ணப்பத்தை எப்படிக் கையாள்வார்கள் என்று துணைப் பதிவாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.

பெறுபேறு வெளியானதும் விண்ணப்பம் கோருவார்கள். கால அவகாசம் பெரும்பாலும் குறைவு. விருப்ப வரிசையில் இரண்டு துறைகளைக் கேட்டால் இரண்டையும் நிரப்புங்கள். ஒன்றை மட்டும் போட்டால் உறுதி தெரியும் என்பது வெறும் பேச்சு. முதல் துறை கிடைக்காதபோது கையில் ஒன்றும் இராது. பெறுபேற்றில் சந்தேகம் இருந்தால் மீள்பரிசீலனைக்கு உரிய கட்டணத்தோடு உடனே விண்ணப்பியுங்கள், அதேவேளை தெரிவு விண்ணப்பத்தையும் கொடுத்துவிடுங்கள். துறை தயாரிக்கும் பட்டியல் பீடச் சபைக்குப் போய், பல்கலைக்கழகத்தின் உயர் கல்விச் சபையான மூதவையின் அங்கீகாரத்தோடுதான் முடிவாகும். அதுவரை காதில் விழும் பெயர்ப்பட்டியல் எதுவும் இறுதியானதல்ல.

கிடைத்தாலும் எடுக்கத்தான் வேண்டுமா? பல்கலைக்கழக விரிவுரையாளர் பதவியோ ஆய்வோ இலக்கானால் ஆம். சிறப்புப் பட்டமும் அதில் ஒரு வகுப்பும் இல்லாமல் அந்தப் பக்கம் போவது கடினம். வகுப்புகளுக்கு வழமையான எல்லை முதலாம் வகுப்பு 3.70, இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு 3.30, கீழ்ப்பிரிவு 3.00. நான்காம் வருடத்தில் ஆய்வுக்கட்டுரையும் எழுதவேண்டும். வீட்டு நிலைமைக்கு ஒரு வருடம் முந்தி வேலைக்குப் போவதே முக்கியம் என்றால் பொதுப் பட்டத்தை யாரும் தோல்வியாகப் பார்க்கவேண்டியதில்லை. பட்டதாரி ஆசிரியர் வேலைக்கு அது போதும். பின்னர் முதுகலைமாணிக்கும் வழி இருக்கிறது.

சேர்ந்தபின் மனம் மாறினால் பொதுப் பட்டத்துக்குத் திரும்ப விண்ணப்பிக்கலாம். அதையும் அரையாண்டின் முதல் வாரங்களிலேயே செய்யுங்கள். பிந்தினால் விட்டுப்போன அலகுகளைத் தேடி எடுக்க இன்னொரு வருடம் போகும்.