ஆர்கன் வாசிப்பதும் நீங்கள், பாடகர் குழுவை நடத்துவதும் நீங்கள் என்றால்

நம் ஊர் சி.எஸ்.ஐ. கோயில்கள் பலவற்றில் ஆர்கனிஸ்ட், கொயர் மாஸ்டர், வாரநாளில் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லித்தருபவர் எல்லாம் ஒரே ஆள்தான். அந்தப் பொறுப்பு புதிதாக உங்களிடம் வந்திருக்கிறதா? விரலுக்கு முன்னால் மூச்சைக் கவனியுங்கள். இரண்டு கையும் கட்டையில் இருக்கும்போது கையசைத்து யாரையும் நடத்த முடியாது, குழு உங்கள் தலையையும் தோளையும்தான் பார்க்கும். அதனால் பாமாலையின் (மேல்நாட்டு மெட்டில் சபையாகப் பாடும் பாட்டு) ஒவ்வொரு அடியையும் வாசித்துக்கொண்டே வாய்க்குள் பாடுங்கள், நீங்கள் மூச்சு வாங்கும் இடத்தில் கையையும் எடுங்கள். சபையார் இழுக்கிறார்கள் என்று நீங்களும் கூடவே இழுத்தால் மூன்றாவது சரணத்தில் பாட்டு படுத்துவிடும். சத்தத்தைக் கூட்டுவதால் அது எழும்பாது. ஒரே சுரம் திரும்ப வரும் இடங்களில் கட்டையைச் சுத்தமாக விட்டு அடியுங்கள், தாளம் தானாக நிமிரும்.

பிராக்டிஸில் நான்கு குரலையும் ஒரே நாளில் சேர்க்காதீர்கள். முதலில் பேஸ் (ஆண்களின் கீழ்க்குரல்), அதன்மேல் மெட்டைப் பாடும் சொப்ரானோ (பெண்களின் மேல்குரல்), இந்த இரண்டும் நின்ற பிறகு ஆல்டோ (பெண்களின் கீழ்க்குரல்), டெனர் (ஆண்களின் மேல்குரல்). நம் ஆண்களில் பாதிப் பேர் டெனர் என்று சொல்லிக்கொண்டு மெட்டையே கீழ் ஸ்தாயியில் பாடுவார்கள். அவர்களைச் சொப்ரானோவைவிட்டு விலக்கி, பேஸ் பக்கத்தில் உட்காரவைத்து, டோ ரே மி எழுத்தில் அவர்கள் வரியை மட்டும் வாசிக்கவிடுங்கள். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜான் கர்வன் பரப்பிய இந்த டானிக் சோல்ஃபா முறை, ஸ்டாஃப் நொட்டேஷன் (ஐந்து கோட்டில் சுரம் எழுதும் முறை) தெரியாதவர்களுக்கு இன்றும் பெரிய கைகொடுப்பு.

கீர்த்தனை வேறு விஷயம், இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் ராகம், தாளத்தோடு பாடி வைத்தவை அவை. மோகனத்தில் மத்யமமும் இல்லை, நிஷாதமும் இல்லை. சி-யை ஷட்ஜமாக வைத்துக்கொண்டு பழக்கத்தில் எஃப் கார்டும் ஜி கார்டும் அடித்தால் ராகத்தில் இல்லாத அந்த இரண்டு சுரமும் உள்ளே வந்துவிடும், பாட்டின் முகமே மாறிப்போகும். இடது கையில் ச-ப மட்டும் பிடியுங்கள், வலது கை மெட்டோடு போகட்டும், போதும்.

அப்புறம் கீபோர்டின் டிரான்ஸ்போஸ், அதாவது சுருதியை அரை அரைச் சுரமாக ஏற்றி இறக்கும் பட்டன். ஒரு கேரல் (கிறிஸ்துமஸ் பாட்டு) சர்வீஸில் கீர்த்தனைக்காக 3 ஏற்றி வைத்ததை இறக்க மறந்து அடுத்த கேரலைத் தொடங்கிவிட்டேன். மேல் சுரத்துக்கு வந்ததும் சொப்ரானோ பிள்ளைகள் கழுத்து நரம்பு தெரியப் பாடினார்கள், ஒரு பிள்ளை பாதியில் வாயை மூடிக்கொண்டு என்னையே பார்த்தது. முதல் சரணத்தோடு நிறுத்தி மறுபடி தொடங்கினோம். அன்றிலிருந்து கடைசிச் சுரத்தில் கை எடுத்ததும் என் விரல் அந்த பட்டனுக்குத்தான் போகும். திரையில் 0 தெரிந்த பிறகே அடுத்த பக்கம் திருப்புவேன்.

கேரல் பிராக்டிஸை அக்டோபரிலேயே தொடங்குங்கள், டிசம்பரில் தொண்டை கட்டும்.

கீபோர்டு படிக்கும் பிள்ளைகளை டிரினிட்டி (லண்டன் இசைக் கல்லூரி) கிரேடு பரீட்சைக்கு மட்டும் தயார் செய்யாதீர்கள். பரீட்சைக்கு மூன்று பாட்டை மாதக்கணக்கில் தேய்க்கும் பிள்ளைக்கு, ஐயர் (சபைப் போதகர்) திடீரென்று வேறு பாட்டு அறிவித்தால் கை நடுங்கும். ஞாயிறு மாலை ஆராதனைக்கு ஒரு பிள்ளையை உங்கள் பக்கத்தில் உட்காரவைத்துப் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். சில மாதம் போகட்டும், காணிக்கைப் பாட்டுக்கு நீங்கள் எழுந்து அந்தப் பிள்ளைக்கு இடம் கொடுங்கள். சபையார் பாடப்பாட எங்கே மூச்சு விடுவது என்பதை அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துதான் படிக்க முடியும்.